பொம்மைப் படத்தை நிறுத்தும் இடம்

போன மாதம் திருச்செங்கோட்டில் இளம் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சி முகாமில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு ஒரு சால்வையைப் போர்த்திப் பத்து நிமிடம் பேசவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு முன்னால் பேசிய தம்பி, சுவர் அகல டி.வி.யில் பொம்மைப் படம் போட்டுக் காட்டிக் கதை சொல்லக் கற்றுத்தருவது எப்படி என்று விளக்கினார். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆரம்பித்தது முதல் முடியும்வரை ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. படம் ஓடுகிறது, பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள், டீச்சர் மூலையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறார். இதில் கதை சொல்வது யார் என்று கேட்டேன். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வேலையில் இருந்தபோதும் அப்படித்தான்.

சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நீங்க அந்தக் காலத்துலயே பொம்மைப் படம் போட்டீங்களாமே, அதைச் சொல்லுங்க என்றார்கள். சொன்னேன். பாதி சொல்வதற்குள் கைகழுவ மணி அடித்துவிட்டது. மீதியை எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. சேலத்தில் இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். அங்கே கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் கல்லில் வெட்டியதுபோல் மனதில் நின்றது. பிள்ளைகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஏய், டேய், இந்தா புள்ள என்று கூப்பிடுவது பிள்ளையின் தன்மானத்தைக் கெடுக்கும் என்று எங்கள் உளவியல் அம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். அதுதான் பின்னால் என்னைக் குப்புறத் தள்ளியது.

வேலை கிடைத்தது திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எல்லாரும் இன்னும் நன்றாக இருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசி அது. கல்யாணம் ஆகி ஆறு மாதம். தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி, ஐந்து வகுப்பு. அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குப் புதிது. ஊட்டுக்கு வாங்க என்று ஒரு அம்மா கூப்பிட்டபோது, ஊட்டிக்கா, இந்த வெயிலுக்கு நல்லதுதான் என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளானேன். ஐந்து வயதுப் பையனையும் சாமி என்பார்கள், எண்பது வயதுக் கிழவரையும் சாமி என்பார்கள். எங்கள் ஊரில் சாமி கோயிலில்தான் இருக்கும்.

எங்கள் சரகத்துக்கு ஒரு துணை ஆய்வாளர் இருந்தார். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பத்து மனிதர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். ஆய்வாளர் வருகிறார் என்றால் மற்ற பள்ளிகளில் இளநீர் வெட்டி வைப்பார்கள், நாற்காலிக்குத் துண்டு விரிப்பார்கள். இவர் செருப்பை வகுப்புக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே வருவார். நாற்காலியில் உட்கார மாட்டார். கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பைக் கண்டால், “அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறீங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்வி போதும், அன்று இரவு தூக்கம் போய்விடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனா மூடியைக் கழற்றி மேஜையில் நிற்க வைப்பார். மூடி மேஜையில் நின்றுவிட்டால் காரியம் முடிந்தது, அப்புறம் மாறாது என்று வாத்தியார்கள் பேசிக்கொள்வார்கள்.

ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் அவர் சொன்னார். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டு வருது, எழுத்து வருது, ஒரு கதையை முன்னே பின்னே ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. சேலத்து ஆபீஸில் ஒரு படம் காட்டும் மெஷினும், வெளிநாட்டுப் பழைய பொம்மைப் படச் சுருள்கள் சிலதும் தூசி படிந்து கிடக்கின்றன. யாராவது எடுத்துப் பார்க்கிறீர்களா? அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் புதிது, விவரம் தெரியாது, கையைத் தூக்கிவிட்டேன்.

மெஷினை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு நாள் சேலம் போனேன். ஆபீஸில் அதை ஓட்டுகிறவர் ஒரு பாய், கோட்டைப் பக்கத்துக்காரர். வாம்மா என்று கூப்பிட்டு முதலில் டீ வாங்கிக் கொடுத்தார், பிறகு பாடத்தை ஆரம்பித்தார். சுருளை மாட்டி, படத்தின் ஓரத்து ஓட்டைகளைப் பல்சக்கரத்தில் பொருத்த வேண்டும். லென்ஸுக்கு மேலே விரல் அளவு ஒரு தொங்கல் விட வேண்டும், கீழேயும் அதே அளவு. தொங்கல் போய்விட்டால் படம் திரையில் குதிக்கும். இதை என்னைப் பதினைந்து தடவை செய்யச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: “நடுவுல நிறுத்தணும்னா மொதல்ல பல்பை அணைச்சிடணும்மா. பல்பு எரியறப்போ படம் நின்னா கருகிப் போயிடும். நூறு தடவை மறந்தாலும் இத மறந்துடாதே.”

இந்த ஒரு விதியால்தான் நான் எழுத வந்த சம்பவமே நடந்தது.

எங்கள் பள்ளியில் கரண்ட் கிடையாது. பக்கத்துத் தறிப் பட்டறைக்காரர் நல்ல மனிதர். காலையில் அரை மணி நேரம் தறிகளை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக ஒயர் கொடுப்பார். ஜன்னல்களுக்குச் சாக்குப் படுதா கட்டி, சுவரில் வேட்டி கட்டிப் படம் போட்டேன். மெஷினின் ஒலிபெருக்கி கெட்டுப்போயிருந்ததால் சத்தம் கிடையாது. முதல் நாள் படத்தை முழுக்க ஓட்டிவிட்டுக் கதை சொல்லுங்கள் என்றேன். அடிச்சுதுங்க, உளுந்துதுங்க, ஓடிருச்சுங்க என்றார்கள். அவ்வளவுதான் கதை. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை நடுவில் நிறுத்தினேன். யாருக்காவது ஏதாவது வேண்டும் என்று தெரிந்த உடனே ஒரு நிறுத்தல். அது கிடைக்காமல் போகிற இடத்தில் இன்னொன்று. முடிவுக்குச் சற்று முன்னால் மூன்றாவது. பல்பை அணைத்தால்தான் நிறுத்த முடியும், அணைத்தால் அறை கும்மிருட்டு. அந்த இருட்டில், இவனுக்கு என்ன வேணும், எது தடுக்குது, என்ன பேசுவான், அப்புறம் என்ன ஆகும் என்று கேட்பேன். பொம்மைகள் பேசாததால் பேச்சையெல்லாம் பிள்ளைகளே கொடுத்தார்கள். பிறகு வெளிச்சத்தில் சிலேட்டை நாலு கட்டமாகப் பிரித்து அந்தக் கதையை வரையச் சொல்வேன். நான்கே மாதத்தில் என் பிள்ளைகள் சொல்கிற கதைக்குத் தலையும் வாலும் வந்துவிட்டது. எனக்கும் தலைக்கனம் வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

இரண்டாம் வருடம் ஜூனில் பாவாயி என்று ஒரு பெண் குழந்தை ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்தாள். நல்ல லட்சணமான பிள்ளை, எண்ணெய் வைத்து இரட்டைச் சடை. முதல் நாள் வருகை எடுத்தேன். பாவாயி என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அதட்டி, மூலையில் நிற்க வைத்தேன். அரை நாள் நின்றாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளியில் வாயைத் திறக்கவே இல்லை.

ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. அது பேசாதுங்க டீச்சர் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். ஊமச்சி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். காது கேட்காத பிள்ளைக்குத்தான் பேச்சு வராது, சும்மா இங்கே வைத்துக்கொண்டு காலத்தைக் கழித்தால் பாவம் நமக்கு என்றார். வெளியூரில் காது கேளாதோர் பள்ளி ஒன்று இருந்தது. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறு வயதுப் பிள்ளை.

அதற்கு ஒரு படிவம் உண்டு. வகுப்பாசிரியர் சோதித்து எழுத வேண்டும். பிள்ளையைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, பத்தடி பின்னால் நின்று, சாதாரணக் குரலில் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு உரக்க மூன்று முறை. நான் முறைப்படிதான் செய்தேன். பாவாயி, பாவாயி, பாவாயி. சடை கூட ஆடவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அப்பா ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போனவர், பொங்கலுக்குத்தான் வருவார். அம்மாவைத்தான் கூப்பிட்டு அனுப்பினோம். படிவத்தில் பிள்ளையின் பெயரைப் பெற்றவர் வாயால் கேட்டு எழுத வேண்டும். பிள்ளை பேர் சொல்லுங்க என்றேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, பொஸ்தகத்துல இருக்குதுங்களே டீச்சர் என்றது. பெற்ற பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியவில்லையே என்று மனதுக்குள் இளக்காரமாக நினைத்துக்கொண்டேன். ஊட்ல நல்லாப் பேசுமுங்க, காதும் நல்லாக் கேக்குமுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னது. எல்லாத் தாயும் இதைத்தாம்மா சொல்வாங்க, பெத்த மனசு என்றார் தலைமையாசிரியர். கடைசியில் அந்த அம்மா, படிச்சவங்க நீங்க சொன்னாச் சரிங்க என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தது. அந்தக் கட்டைவிரலை மை டப்பாவில் பிடித்து அழுத்தியவள் நான்தான்.

இனி ஆய்வாளர் நேரில் வந்து பிள்ளையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வியாழக்கிழமை வந்தார். அடுத்த திங்கட்கிழமை அம்மாவும் பிள்ளையும் பஸ் ஏற வேண்டும் என்று ஏற்பாடு. அம்மா பள்ளிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. ஆய்வாளரும் பத்தடி பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பாவாயி திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஜைக்கு வந்து பேனா மூடியைக் கழற்றி நிற்க வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டறைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, டீச்சர், தறியை நிறுத்தியாச்சுங்க, அரை மணி நேரந்தான் என்றார். அன்று படம் போடும் நாள். கரண்டை வீணாக்க வேண்டாம், படத்தை முடிச்சுட்டு வந்து போட்டுக்கறேன் என்று ஆய்வாளர் எழுந்தார். பேனா திறந்தபடியே மேஜையில் கிடந்தது.

படம் இதுதான். அடைமழை. ஒரு எலி குடை பிடித்துக்கொண்டு வருகிறது. காற்றில் குடை பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. தூரத்தில் ஒரு வீடு, ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறது. கதவைத் திறப்பது ஒரு தடிப் பூனை. அந்த இடத்தில் பல்பை அணைத்து மெஷினை நிறுத்தினேன். இருட்டு. இப்ப என்ன ஆகும் என்றேன். தின்னுபோட்டுதுங்க என்று வகுப்பே கத்தியது.

பின்வரிசை இருட்டிலிருந்து ஆய்வாளர் குரல் வந்தது.

“தின்னுபோட்டாக் கதை அங்கியே முடிஞ்சுபோச்சே. கதவத் தட்டுன எலி மொதல்ல என்னன்னு கேட்டிருக்கும்? நீ சொல்லு, சாமி.”

பக்கத்தில் எந்தப் பிள்ளை இருந்ததோ அதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். பிறகு மெல்லிசாக ஒரு குரல்.

“ஏனுங்க, ஊட்ல ஆருமில்லீங்களா?”

வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. இருபத்தெட்டுப் பிள்ளைகளின் குரலும் எனக்கு மனப்பாடம். இது அதில் இல்லை. என் கை பல்பு சுவிட்சின் மேல் இருந்தது.

“லைட்டைப் போடாதீங்க டீச்சர்,” என்றார் ஆய்வாளர். “அப்பறம், சாமி?”

“மழை பேயுதுங்க, செத்த நேரம் நின்னுட்டுப் போறனுங்கன்னு எலி சொல்லுச்சுங்க. பூனை, உம்பேரென்னன்னு கேட்டுச்சுங்க.”

“எலி பேரு சொல்லுச்சா?”

“சொல்லலீங்க. அது அவங்கப்பனோட ஆத்தா பேருங்க. சொன்னா அம்மா வாயிலயே போடுமுங்க. ஆராச்சும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டாலும் திரும்பப்படாதுங்க, அது பெரியவங்களக் கூப்புடறதுங்க.”

“பூனை என்ன பண்ணுச்சு?”

“வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேட்டு, எலிய மூலையில நிக்க வெச்சிருச்சுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, இருட்டு. என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அய்யோ, நான் பூனையாக அல்லவா இருந்திருக்கிறேன் என்று நினைத்தேன். அடுத்த கணமே, பேசுகிறாள், காது கேட்கிறது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று உறைத்தது. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. டீச்சர், பாவாயி பேசறாடீ என்று ஒரு வாண்டு பதற்றத்தில் மரியாதையும் மரியாதையின்மையும் கலந்து கத்தியது. பல்பைப் போட்டேன். படம் மறுபடி ஓடியது. திரையில் பூனை எலிக்கு ஒரு துண்டைக் கொடுத்து அடுப்போரம் உட்கார வைத்தது. பாவாயி கைகொட்டிச் சிரித்தாள். அந்த வெளிச்சத்தில்தான் அவள் சிரித்து முதல்முதலாகப் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை.

வெளியே வந்து அம்மாவிடம் ஆய்வாளர் கேட்டார். அப்போதுதான் அது விவரம் சொன்னது. பிள்ளை பிறந்த வருடம் மாமியார் இறந்துபோனார்களாம். அப்பா, தன் தாயின் பெயரையே வைத்து, அவரே பள்ளியில் எழுதியும் கொடுத்துவிட்டு வண்டியேறிவிட்டார்.

“மாமியா பேரை எப்பிடிங்க வாயில வெச்சுக் கூப்புடறது? நாங்க சாமின்னுதானுங்க கூப்புடுவோம். அவங்கப்பா அம்முணிம்பாரு,” என்றது அந்த அம்மா. ஒரு முறை குழந்தை அந்தப் பெயரை விளையாட்டாகச் சொன்னபோது வாயில் ஒன்று போட்டதையும் ஒப்புக்கொண்டது. ஆக, பிறந்ததிலிருந்து காதில் தன் பெயராக விழாத பெயரை நான் பத்தடி பின்னால் நின்று கத்தியிருக்கிறேன்.

இதில் எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. ஆத்தூரில் மட்டும் மருமகள்கள் மாமியார் பெயரைச் சொல்கிறார்களா? ரேஷன் கார்டு ஆபீஸில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் நானே சீட்டில் எழுதிக் காட்டுகிறவள்தானே. அந்தப் புத்தி படிவத்தை நிரப்பும்போது எங்கே போயிற்று? அம்மாவை இளக்காரமாக நினைத்தேனே என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அதன் கையைப் பிடித்து, மன்னிச்சுக்கம்மா என்றேன். அதற்கு அந்த அம்மா, ஒரு டம்ளர் மோர் குடிக்கறீங்களா டீச்சர் என்று கேட்டது.

ஆய்வாளர் மேஜைக்குப் போனார். பேனாவை எடுத்தார். மூடியை மாட்டிப் பையில் வைத்துக்கொண்டார். மேஜையில் நின்ற மூடி கையெழுத்தில்லாமல் பேனாவுக்குத் திரும்பியதை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். தலைமையாசிரியர் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். ஆய்வாளர், நானுந்தானுங்களே மூணு தடவை கூப்புட்டேன், இந்த மண்ணுலயே பொறந்துட்டு எனக்கே தோணலயே என்று அவரை முடித்துவிட்டார். படிவத்தை என்னிடம் நீட்டினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. நீங்களே ஏதாச்சும் எழுதிடுங்க டீச்சர் என்றார். திரும்பிப் பார்க்கவில்லை என்ற வரிக்குக் கீழே, சோதித்த முறை தவறு, பிள்ளைக்குச் செவித்திறனும் பேச்சும் நன்றாக உள்ளன என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வரி கோணல்மாணலாகத்தான் வந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, பட்டறைக்காரர் ஐந்து நிமிடம் தாமதமாகத் தலையை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் ஒரு பெருமூச்சு வருகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வருகைப் பதிவேட்டை விரித்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்து பாவாயியிடம் நின்றேன். பேர் சொல்லவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. ஆத்தூர் நாக்கில் வராத அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன்.

“சாமி.”

வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று உள்ளேன் டீச்சர் என்றார்கள். யார் வீட்டில்தான் பிள்ளையைச் சாமி என்று கூப்பிடவில்லை? அவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் ஒருத்தி மட்டும் உட்காராமல் நின்றாள். நான் பார்க்கட்டும் என்று காத்திருந்து, பார்த்த பிறகு சொன்னாள்.

“உள்ளேனுங்க டீச்சர்.”

உள்ளேனுங்க என்று ஒரு சொல் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. நான் திருத்தவில்லை. ஜூனிலிருந்து அவள் முகத்தைப் பார்த்து வருகை போட்டுக்கொண்டிருந்தேன். அன்றுதான் அவள் சொல்லக் கேட்டுப் போட்டேன்.